சாவு பீருக்கு எந்தத் தொட்டி

ஸ்கார்தால்
1932 ஜனவரி 9

அன்புள்ள தூர்டிஸ் அக்காவுக்கு,

இந்த அகால வேளையில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். எழுத்து கோணிக்கொண்டு போனால் அது தூக்கக் கலக்கம், மரியாதைக் குறைவு இல்லை. குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தான். பகலில் பேனாவைத் தொட முடிவதில்லை. ஒரு பக்கம் அவன், இன்னொரு பக்கம் உங்கள் அப்பா.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நான் உங்கள் தம்பி எய்வினின் மனைவி, ராக்னா. மகன் பெயர் சிமென், இன்னும் ஒரு வயது ஆகவில்லை. எய்வின் திமிங்கிலக் கப்பலில் தெற்குக் கடலுக்குப் போயிருக்கிறார். மே மாதம்வரை அவருக்கு ஒரு தகவலும் சொல்ல முடியாது. அதனால்தான் உங்களைத் தொந்தரவு செய்கிறேன். வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

மாமா பிழைக்க மாட்டார். வயிற்றில் கட்டி. பனி உருகும்வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் கேட்க வந்தது, அடக்கத்தன்று வருகிறவர்களுக்கு வீட்டில் காய்ச்சி ஊற்றும் சாவு பீருக்கான தொட்டியைப் பற்றி. பரணில் இரண்டு மரத்தொட்டிகள் இருக்கின்றன. பெரியது நூற்றைம்பது லிட்டர் பிடிக்கும், சின்னது நாற்பது. இரண்டும் காய்ந்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. ஒரு வாரமாவது தண்ணீரில் ஊறினால்தான் பலகை உப்பி ஒழுக்கு நிற்குமாம். இங்கே செத்த வாரத்திலேயே அடக்கம் செய்துவிடுகிறார்கள், அப்புறம் ஊறவைக்க நேரம் கிடையாது. முற்றத்தில் வைத்தால் தண்ணீர் உறைந்து பலகை பிளந்துவிடும். மாட்டுக் கொட்டகைதான் கதகதப்பு, அங்கே ஒரு தொட்டிக்குத்தான் இடம். ஆக, மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே எந்தத் தொட்டி என்று நான் முடிவு செய்தாக வேண்டும். எவ்வளவு அசிங்கமான வேலை என்று எனக்கும் தெரிகிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார்கள், இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மாமாவையே கேட்டேன். "பெரிசைப் போடு மருமவளே. அத்தனை பயலும் வருவான். நான் செத்தேனா இல்லையான்னு பாக்கவாவது வருவான்" என்றார். அவர் சொல்வதை எப்படி நம்புவது? இந்த வீட்டுப் படியை யாரும் மிதிப்பதில்லை. எல்லைக் கல்லை நகர்த்திப் பக்கத்துப் பண்ணை ஷூர் வீட்டுப் புல்வெளியை எடுத்துக்கொண்டவர் இவர். ஓடைத் தண்ணீரையும் திருப்பினார். அந்தப் பகை இப்போது என் மேலும் இறங்கியிருக்கிறது.

நவம்பரில் சிமெனுக்குத் தொண்டை அடைத்து, நாய் குரைப்பதுபோல இருமினான். உதடு நீலமாகிவிட்டது. டாக்டர் கீழே படகுத்துறையில் இருக்கிறார். குதிரை கேட்டு ஷூர் வீட்டுக்கு ஓடினேன். "குதிரைக்கு லாடம் கழண்டிருக்கு" என்று கதவைத் திறக்காமலே சொன்னார். மறுநாள் காலையில் அதே குதிரை விறகு இழுத்துக்கொண்டு போனது. குழந்தையைச் சறுக்குவண்டியில் வைத்து நானே தள்ளிக்கொண்டு இறங்கினேன். அன்று பிழைத்தது அதிர்ஷ்டம். அடுத்த முறை?

அதனால்தான் இந்தப் பீர் எனக்கு முக்கியம். நான் புரிந்துகொண்டது சரியா என்று சொல்லுங்கள். முதல் கிண்ணம் செத்தவருக்கு, இரண்டாவது வீட்டுக்கு, மூன்றாவது சமாதானத்துக்கு. மூன்றாவதைக் குடித்தவன் தன் பகையை அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அதற்குப் பிறகு குதிரை கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. அப்படித்தானே?

முளைகட்டிக் காயவைத்த பார்லி மால்ட் பெரிய தொட்டிக்கே போதுமான அளவு இருக்கிறது. ஆனால் பெரியதை நிரப்பிவைத்து யாரும் வராமல் போனால் அந்தச் சிரிப்பை நான் தாங்கமாட்டேன். உங்களுக்கு இந்த வீட்டுப் பீரும் தெரியும், இந்த மனிதர்களும் தெரியும். எது என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ராக்னா

*

பெர்கன்
ஜனவரி 16

ராக்னாவுக்கு,

உன் கடிதத்தைப் பந்தியில் உட்கார்ந்து படித்து இரண்டு இடத்தில் சிரித்தேன். விடுதியில் தங்கியிருக்கும் மாலுமிகள் என்ன ஜோக் என்று கேட்டார்கள். எங்கப்பன் சாகப்போறான் என்றேன். ஒருத்தன் எழுந்து தொப்பியைக் கழற்றினான். போட்டுக்கோடா, சூப் ஆறுது என்றேன்.

அந்த ஆளுக்குத் தொட்டி எதற்கு, ஒரு காபிக் கெட்டில் போதும்.

உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். அந்த வீட்டில் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தகப்பன் யார் என்று அப்பா கேட்டார், நான் சொல்லவில்லை. குழந்தை பிறந்தால் பீர் காய்ச்சி நாலு வீட்டைக் கூப்பிட வேண்டும் இல்லையா. காய்ச்சக் கூடாது என்றுவிட்டார். காய்ச்சாவிட்டால் அந்தப் பள்ளத்தாக்கில் குழந்தை பிறந்ததாகவே கணக்கில்லை. ஞானஸ்நானத்துக்கு முன்பே அவள் செத்துப்போனாள். நான் ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தேன். எழுந்து பார்த்தால் தொட்டில் விறகுக் கொட்டகையில் கிடக்கிறது. எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டேன். "எதை?" என்றார்.

எதை என்றார். அன்றைக்கே கிளம்பினேன். பதினாறு வருஷம் ஆகிறது, இன்னும் எனக்கு இடம் தெரியாது.

தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். சின்னதைப் போடு. பெரிய தொட்டியில் கொஞ்சமாகக் காய்ச்சி ஊற்றினால் அடியில் கிடந்து ஆறிப்போகும். நம் வீட்டு ஈஸ்டுக்குக் கறந்த பாலின் சூடு வேண்டும். சூடு போனால் தூங்கிவிடும், பீர் புளித்து நாறும். ஆறாமல் இருக்க வேண்டுமென்றால் நிறைய ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால் குடிக்க ஆள் வேண்டும். யார் வருவார்கள் என்று நினைக்கிறாய்? பாதிரியார் வருவார், சவப்பெட்டி தூக்குகிறவர்கள் வருவார்கள், ஷூரும் அவர் பெண்டாட்டி பிரித்தாவும் ஊர் வாய்க்குப் பயந்து எட்டிப் பார்ப்பார்கள். நாற்பது லிட்டரில் அவர்களுக்கு மூன்று கிண்ணம் தாராளமாக வரும்.

முக்கால் தொட்டிக்கு மேல் ஊற்றாதே. நுரை எழும்ப இடம் வேண்டும். இல்லையென்றால் வழிந்து ஈஸ்ட் தரையில் போய்விடும்.

தூர்டிஸ்

*

ஸ்கார்தால்
ஜனவரி 25

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கஞ்சியை வாயில் ஊட்டும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே ஊட்டினேன். சிமெனைத் தூக்கும்போதெல்லாம் உங்கள் பெண்ணின் ஞாபகம் வருகிறது. பெயர் வைத்திருந்தீர்களா?

சின்னத் தொட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். கொட்டகைக்கு உருட்டிக்கொண்டு போகும்போது மாமா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். உள்ளே வந்ததும் ஆரம்பித்தார்.

"அது என்னடி, பூனைக்குப் பால் வைக்கவா?"

"இது போதும் மாமா."

"யாரு சொன்னது போதும்னு? தூர்டிஸா?"

நான் அடுப்பைக் கிளறப் போனேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு வலியில் போய் முடிந்தது. "அவ என் மவதான். எனக்குத் தெரியும் அவளை. உனக்குத் தெரியாது" என்றார். அன்று முதல் காலையில் கண் விழித்ததும் கேட்கிறார்: "தொட்டி ஊறிடுச்சா? சொல்லு, அதுக்கேத்த மாதிரி செத்துடறேன்." ஒரு நாள் நான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதும் இதையே கேட்டார். ஊறிவிட்டது மாமா, நீங்கள்தான் தாமதம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன். அவருக்கோ அது பிடித்துப்போய்விட்டது. "ஆங், இப்பதான் நீ இந்த வீட்டு மருமவ" என்றார்.

இன்னொன்று. நேற்று ஓடையில் தண்ணீர் எடுக்கப் போனபோது பிரித்தா தானாகவே வந்து பேசினாள். இத்தனை மாதத்தில் முதல் முறை.

"கொட்டகையில என்னமோ ஊறுதாமே?"

"தொட்டிங்க."

"பெரிசா, சின்னதா? எங்க வீட்டுக்காரர் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

சின்னது என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சின்னதா. அப்படியா" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. வருகிற எண்ணம் இல்லாதவர்கள் எதற்காக அளவு கேட்கிறார்கள்? ஒருவேளை நிறையப் பேர் வருவார்களோ? இன்னும் நாள் இருக்கிறது, சின்னதை வெளியே எடுத்துவிட்டுப் பெரியதை ஊறவைக்கலாம். மாற்றட்டுமா வேண்டாமா என்று உடனே எழுதுங்கள். உங்கள் பேச்சை மட்டும்தான் நம்பியிருக்கிறேன்.

ஈஸ்ட் காய்ந்த துணியில் அப்படியே இருக்கிறது. உயிர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ராக்னா

*

பெர்கன்
ஜனவரி 30

ராக்னாவுக்கு,

மாற்றாதே.

பிரித்தா அளவு கேட்டது, வீட்டில் உட்கார்ந்து சிரிப்பதற்கு. பெரியது என்று சொல்லியிருந்தால் இன்னும் அதிகமாகச் சிரித்திருப்பார்கள். அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு தொட்டியை மாற்றிக்கொண்டிருந்தால் ஒன்றும் உருப்படாது.

ஈஸ்ட் துணியில் ஒரு ஓரத்தை வெட்டி, இளஞ்சூடான பார்லிச் சாற்றில் போட்டு அடுப்பருகே வை. நுரைத்தால் உயிர் இருக்கிறது. தொட்டியைச் சுற்றி ஆட்டுத்தோல் போர்த்து. இரண்டு நாளில் குடிக்கலாம்.

பெயர் வைக்க விடவில்லை.

உன் பையனுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று பின்னி இதோடு அனுப்புகிறேன். கழுத்தை இறுக்கமாகப் போட்டிருக்கிறேன், காற்றுப் புகாது.

தூர்டிஸ்

*

ஸ்கார்தால்
பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

மாமா போய்விட்டார். சனிக்கிழமை அடக்கம் முடிந்தது. தந்தி அடித்தேனே, வந்து சேர்ந்ததா? நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் படகு வந்தபோதெல்லாம் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீர் நன்றாகவே வந்தது. நீங்கள் சொன்னபடி முக்கால் தொட்டி, நுரை விளிம்புவரை எழும்பி நின்றுவிட்டது, ஒரு சொட்டு வழியவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. பீரில் போட்ட ஜூனிப்பர் தழையின் வாசம் வீடெல்லாம்.

எல்லாரும் வந்தார்கள் அக்கா.

ஒருவர் பாக்கியில்லை. மேல் பண்ணையிலிருந்து, ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கல்யாணத்துக்கு எட்டிப் பார்க்காதவர்கள், எனக்கு முகம் தெரியாதவர்கள். பனிச்சறுக்குக் கட்டைகளைச் சாத்திவைக்கச் சுவரில் இடம் இல்லை. பெட்டியை மூடுவதற்கு முன்னால் வரிசையாக வந்து பார்த்தார்கள். ஷூர் ஒரு விரலை நீட்டி மாமாவின் நெற்றியைத் தொட்டார். "சில்லுன்னுதான் இருக்கு. மூடலாம்" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். பாதிரியார் குனிந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

முதல் கிண்ணம் சுற்றிவரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தொட்டியின் அடி தெரிய ஆரம்பித்தது. இரண்டாவது சுற்றில் பாதி பாதியாக ஊற்றினேன். "என்னம்மா, மருந்தா ஊத்துற?" என்று ஒரு கிழவர் கேட்டார். இரண்டாவது முழுதாகச் சுற்றி முடியும் முன்பே, பிரித்தாவின் முறை வந்தபோது, கரண்டி மரத்தில் இடித்தது. வண்டல்தான் வந்தது. அதையும் ஊற்றினேன். அவள் கிண்ணத்துக்குள் பார்த்துவிட்டு அப்படியே மேசைமேல் வைத்தாள்.

ஷூர் எழுந்து நின்றார். "மூணாவது?" என்றார்.

தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். சொல்லும்போது சிமென் அழுதுகொண்டிருந்தான், அதனால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"தீந்துடுச்சாம்" என்று அவர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "உயிரோட இருந்தப்ப நம்ம தண்ணிய எடுத்தான். செத்தும் பீரை மிச்சம் பிடிச்சிட்டான்." கூடம் முழுக்கச் சிரிப்பு. அப்புறம் ஒவ்வொருவராகக் கோட்டை எடுத்தார்கள். வாசலில் ஷூர் என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் மூணாவதைக் குடிக்கத்தாம்மா வந்தேன். மனசைத் தேத்திக்கிட்டுதான் வந்தேன். இனிமே என் மேல தப்பு சொல்லாத."

மறுபடியும் காய்ச்சிக் கூப்பிடட்டுமா என்று பிரித்தாவிடம் கெஞ்சினேன். அடக்கத்தன்று வீட்டில் இருக்கும் யார் ஊற்றினாலும் செல்லுமாம். அந்த நாள் தாண்டிவிட்டால் செத்தவரின் சொந்தப் பிள்ளை காய்ச்சி, சொந்தக் கையால் ஊற்றினால்தான் மூன்றாவது கிண்ணம் ஆகுமாம். "நீ ஊத்தினா அது வெறும் பீரும்மா" என்றாள்.

எய்வின் வர மே மாதம் ஆகும். அதுவரை குளிர் இருக்கிறது, இருமல் இருக்கிறது. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. இத்தனை பேர் வருவார்கள் என்று உங்களுக்கும் தோன்றியிருக்காது, இல்லையா?

ராக்னா

*

பெர்கன்
பிப்ரவரி 21

ராக்னாவுக்கு,

தோன்றியது.

நல்ல மனிதன் செத்தால் வேலை இல்லாதவன் வருவான். வெறுத்த மனிதன் செத்தால் எல்லாரும் வருவார்கள். அதிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. நீதான் அவரை நம்பாமல் என்னை நம்பினாய்.

ஹால்டோர் சாவில் இரண்டாவது கிண்ணத்திலேயே பீர் தீர்ந்தது என்று அந்தப் பள்ளத்தாக்கில் இனி எத்தனை தலைமுறைக்கும் பேசுவார்கள். ஒவ்வொரு சாவுக்கும் தொட்டியைப் பார்த்து அப்பாவின் பெயரைச் சொல்வார்கள். என் குழந்தைக்கு ஒரு கரண்டி காய்ச்சாத வீட்டுக்கு நான் வைத்த பெயர் அது. நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். கரண்டி மரத்தில் இடித்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை இன்னொரு முறையும் படித்தேன்.

நீயும் உன் பையனும் நடுவில் நிற்கிறீர்கள் என்பது தெரியாமல் இல்லை. அதற்கு நான் என்ன செய்ய? நான் நடுவில் நின்றபோது என்னையும் யாரும் பார்த்து நகர்த்தி வைக்கவில்லை.

வசந்தம் வந்தால் இருமல் நின்றுவிடும்.

தூர்டிஸ்

*

ஸ்கார்தால்
மார்ச் 3

தூர்டிஸுக்கு,

வசந்தத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. போன வியாழக்கிழமை சிமெனுக்குத் தொண்டை முழுதாக அடைத்தது. ஷூர் வீட்டுக்குப் போனேன். இந்த முறை கதவைத் திறந்தார். குழந்தையின் உதட்டைப் பார்த்தார். குதிரை அவருக்குப் பின்னால், கொட்டகையில் சேணத்தோடு நின்றிருந்தது.

"மூணாவதைக் குடிக்கலையேம்மா" என்றார்.

"குழந்தைங்க இது. இது என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலை. என் பெரியவனும் ஒண்ணும் பண்ணலை. புல்லு இல்லாம பசு செத்த வருஷம் அவனுக்குப் பால் இல்லாமப் போச்சு. ஹால்டோர் கிட்ட ஒரு செம்பு கேட்டு நின்னேன். இதே மாதிரிதான் நின்னேன், இங்க நீ நிக்கிற மாதிரி." கதவைச் சத்தமில்லாமல் மூடினார்.

சறுக்குவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். காற்று எதிரே அடித்தது. வழியில் எங்கேயோ அவனுடைய வலது கையுறை விழுந்துவிட்டது, அவன் மூச்சையே கேட்டுக்கொண்டு ஓடியதில் நான் கையைப் பார்க்கவில்லை. டாக்டர் தொண்டையைச் சரிசெய்துவிட்டார். மூன்று விரல்களின் நுனி கறுத்துவிட்டது. அவற்றை வெட்டி எடுத்தார். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

இதைப் படித்து நீங்கள் அழ வேண்டும் என்று எழுதவில்லை. நீங்கள் எத்தனை முறை படிப்பீர்கள் என்றும் எனக்குக் கவலையில்லை.

உங்களிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. மாமா சாவதற்கு முந்தின நாள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். உங்கள் பெண்ணை எங்கே வைத்தார் என்று சொன்னார். எந்தப் பக்கம் போய், எதற்குக் கீழே என்று இடம் புரியும்படி இரண்டு முறை சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்லவைத்தார். பெட்டியை அவரே செய்தாராம். உங்களுடைய நீலச் சால்வையில், கரையில் வெள்ளைப் பூ போட்டதில், சுற்றி வைத்தாராம். அந்தச் சால்வை காணாமல் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "தூர்டிஸ் கிட்ட சொல்லிடு" என்றார். அடக்கம் முடிந்த கையோடு எழுத நினைத்திருந்தேன். அந்தக் கடிதத்தில் அதை எழுதும் தெம்பு இல்லை, அடுத்ததில் எழுதலாம் என்று விட்டேன். அதற்குள் உங்கள் பதில் வந்துவிட்டது.

இனி எழுத மாட்டேன். எய்வினிடமும் சொல்ல மாட்டேன். எங்கேயும் குறித்தும் வைக்கவில்லை. எனக்கு ஏதாவது ஆனால் அது என்னோடு போய்விடும்.

பெரிய தொட்டி திங்கட்கிழமையிலிருந்து கொட்டகையில் ஊறுகிறது. மால்ட் மிச்சம் இருக்கிறது, ஈஸ்ட் துணியும் இருக்கிறது. நீங்கள் வந்து காய்ச்ச வேண்டும். பள்ளத்தாக்கு முழுவதையும் நான் கூப்பிடுகிறேன். ஷூருக்கும் பிரித்தாவுக்கும் மற்ற எல்லாருக்கும் மூன்றாவது கிண்ணத்தை உங்கள் கையால் ஊற்ற வேண்டும், உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லி, சத்தமாக. அந்தப் பெயரைச் சொல்ல உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வேண்டும். கடைசி ஆள் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்த பிறகு, நான் விளக்கை எடுத்துக்கொண்டு உங்களை அந்த இடத்துக்குக் கூட்டிப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டேன்.

நான் இப்படிப்பட்டவளாக இந்த வீட்டுக்கு வரவில்லை.

இன்று சாயங்காலத்திலிருந்து சிமெனுக்கு மறுபடி குரல் கட்டியிருக்கிறது. எந்தப் படகில் வருகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

ராக்னா